காயமும் ஈரமும்: சேமிப்பில் கேரட்டின் நுண்ணுயிரிகள்

செடியிலிருந்து பறிக்கப்பட்ட பிறகும், மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட பிறகும் காய்கறி உயிருடன்தான் இருக்கிறது. வேர் வழியாக வந்த நீரும் இலை வழியாக வந்த உணவும் நின்றுவிட்டாலும், தன்னிடம் எஞ்சியுள்ள சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் செலவழித்து அது சுவாசிக்கிறது, வெப்பத்தை வெளியிடுகிறது, நீரை ஆவியாக இழக்கிறது, காயம்பட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளவும் முயல்கிறது. அதே வேளையில் அதன் தோலின்மேல் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் பூஞ்சைகளும் தங்கள் வாழ்வை நடத்திவருகின்றன. காய்கறியைச் சேமித்தல் என்பது, இவ்விரு வாழ்வுகளில் முன்னது நீடிக்கவும் பின்னது மெதுவாகச் செல்லவும் வழிசெய்யும் கலையாகும். மாதக்கணக்கில் சேமிக்கப்படுவதாலும், பச்சையாகவும் சமைத்தும் உண்ணப்படுவதாலும், காய்கறி அழுகலைப் பற்றிய அறிவியலின் முக்கியமான தொடக்கங்களுள் ஒன்று அதிலிருந்தே பிறந்ததாலும், இந்தக் கலையைப் புரிந்துகொள்ளக் கேரட் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைகிறது.

தோலில் குடியிருப்பவை

கடையில் வாங்கும் நல்ல, புதிய காய்கறியின் ஒரு கிராமில் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் வரை பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. கீரை வகைகளில் இந்த எண்ணிக்கை ஒரு கோடியையும் எட்டக்கூடும். இவை அசுத்தத்தின் அடையாளம் அல்ல. மண்ணிலிருந்தும் பாசன நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் வந்து, செடி வளரும்போதே அதன் மேற்பரப்பில் குடியேறியவை இவற்றுள் பெரும்பாலானவை. சூடோமோனாஸ், பாண்டோயியா ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை மிகுதியாகவும், சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக மாற்றும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தொடக்கத்தில் குறைவாகவும் காணப்படுகின்றன. இவை மேற்பரப்பெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. நுண்துளைகளின் ஓரங்கள், நரம்புகளை ஒட்டிய பள்ளங்கள், கீறல்கள் எனச் சிறிதளவு ஈரமும் உணவும் கசியும் இடங்களில் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன. அதனால்தான் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் அவற்றில் ஒரு பங்கு அகலாமல் தங்கிவிடுகிறது.

ஈஸ்ட் என்பது பூஞ்சை உலகத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிரி. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர்; பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஒன்றிரண்டு மைக்ரான் நீளமே இருக்க, ஈஸ்ட் செல்களோ 5 முதல் 10 மைக்ரான் வரை பருத்திருக்கும்; பாக்டீரியாவைப் போல இரண்டாகப் பிளக்காமல், பெரும்பாலும் தாய்ச் செல்லில் அரும்பு விட்டுப் பெருகும். காய்கறிகளின்மேல் கேண்டிடா, கிரிப்டோகாக்கஸ், ரோடோடோருலா முதலிய ஈஸ்ட்டுகள் வாழ்கின்றன. அமிலம் மிகுந்த பழங்களில் பாக்டீரியாக்கள் தயங்கி நிற்க ஈஸ்ட்டுகளும் பூஞ்சைகளும் முந்திக்கொள்கின்றன. கேரட், முட்டைகோஸ், கீரை போன்ற புளிப்பில்லாத காய்கறிகளிலோ விரைந்து பெருகும் பாக்டீரியாக்களே முந்துகின்றன. ஆகவே காய்கறிச் சேமிப்பில் ஈஸ்ட்டின் முறை பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது.

இந்தக் கணக்கு ஆய்வகத்தில் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். பத்து கிராம் கேரட்டைக் கிருமி நீக்கிய பையிலிட்டு, 90 மில்லிலிட்டர் உப்புக் கரைசல் சேர்த்து, இயந்திரத்தில் நன்கு தட்டிக் கலக்குகிறார்கள். அந்தக் கலங்கல் நீரைப் பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று படிப்படியாக நீர்க்கச்செய்து, ஒவ்வொரு படியிலிருந்தும் ஒரு சொட்டை, கடற்பாசியிலிருந்து எடுத்த அகர் என்னும் கூழால் ஆன சத்துப் படலத்தின்மேல் பரப்புகிறார்கள். 30 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால், ஒவ்வொரு பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக, அதாவது ஒரு குழுமமாக, வளர்ந்துவிடும். பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து கலந்த இன்னொரு தட்டில், 25 டிகிரியில் ஐந்து நாளில் ஈஸ்ட்டுகள் எழும்பும். வெண்மையும் வெளிர் மஞ்சளுமாகப் பாக்டீரியாக் குழுமங்கள் தோன்றும். அவற்றுள் பாண்டோயியா அடர் மஞ்சளாகத் தெரியும். இரும்புச் சத்து குறைந்த தட்டில் வளர்ந்த சூடோமோனாஸ் வகைகள் சில, புற ஊதா ஒளியில் பச்சை கலந்த நீலமாக மின்னும். ஈஸ்ட் தட்டில், கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்து நிறமியையே தானும் உண்டாக்கும் ரோடோடோருலா, இளஞ்சிவப்புப் பொட்டுகளாக எழுந்து நிற்கும். புள்ளிகளை எண்ணி, நீர்க்கச்செய்த அளவையும் பரப்பிய சொட்டின் அளவையும் கொண்டு கணக்கிட்டால் ஒரு கிராமுக்கான எண்ணிக்கை கிடைத்துவிடும்.

அழுகல் எப்படித் தொடங்குகிறது

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர் லூயிஸ் ரால்ஃப் ஜோன்ஸ், கேரட்டைக் கூழாக்கும் மென்னழுகலுக்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்று 1901-இல் விவரித்தார். இன்று பெக்டோபாக்டீரியம் கரோட்டோவோரம் என்று அழைக்கப்படும் அந்தப் பாக்டீரியா, கேரட்டை மட்டுமன்றி உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், வெங்காயம், முள்ளங்கி எனப் பல காய்கறிகளையும் அழுகச்செய்கிறது. மூட்டையின் நடுவில் ஒரு காய் மட்டும் கொழகொழத்து, நாற்றமெடுத்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காய்களையும் நனைத்துக் கெடுக்கும் காட்சியைக் காணாத காய்கறி வியாபாரி இருக்க முடியாது. அக்காட்சிக்குப் பல வேளைகளில் இந்தப் பாக்டீரியாவே காரணம்.

தாவரச் செல்களின் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெக்டின் என்னும் பொருள். பழக்கூழை ஜாமாக இறுகச்செய்வதும் இதுவே. மென்னழுகல் பாக்டீரியா, பெக்டினைச் சிறு துண்டுகளாக வெட்டும் நொதிகளைச் சுரக்கிறது. ஒட்டு கரைந்ததும் செல்கள் தனித்தனியே பிரிந்து, உள்ளிருக்கும் சாறு வெளியேறி, உறுதியான கேரட் சில நாட்களில் ஈரக் கூழாகிவிடுகிறது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. எண்ணிக்கை குறைவாக இருக்கும் வரை இந்தப் பாக்டீரியாக்கள் நொதியைப் பேரளவில் சுரப்பதில்லை. ஒவ்வொரு செல்லும் ஒரு வேதிப்பொருளைச் சிறிதளவு வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் பெருகப் பெருக அப்பொருளின் செறிவும் கூடி, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் எல்லாச் செல்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் நொதியைக் கொட்டுகின்றன. சிறு கூட்டமாக இருக்கையிலேயே தாக்கினால் காய் விழித்துக்கொண்டு தன்னைத் தற்காத்துக்கொள்ளும். பெருங்கூட்டமாகித் தாக்கினால் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. நேற்று வரை நன்றாக இருந்த காய் இன்று திடீரெனச் சொதசொதத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இப்பாக்டீரியாவால் முழுமையான தோலைத் துளைத்து உள்ளே செல்ல முடியாது. மண்வெட்டி பட்ட வெட்டு, உராய்வு, பூச்சிக் கடி, இயற்கையான நுண்துளை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வாயில் அதற்கு வேண்டும். அந்த வாயிலில் ஈரமும் வேண்டும். காயின்மேல் நீர்ப்படலம் படிந்திருந்தால் அடியிலுள்ள திசுவுக்குக் காற்று எட்டாது. காற்று எட்டாத காயால் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாது. ஆனால் மென்னழுகல் பாக்டீரியாவோ காற்று இல்லாமலும் பெருகவல்லது. காயமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வெப்பமும் கூடிவிட்டால் அழுகல் உறுதி.

கேரட்டும் சும்மா இருப்பதில்லை. காயம்பட்ட இடத்தில் லிக்னின், சூபெரின் எனும் நீர்புகாப் பொருள்களைப் படியவைத்துப் புதுத்தோல் கட்ட முயல்கிறது. ஃபால்காரினால், மெத்தாக்ஸிமெல்லீன் போன்ற பூஞ்சைத் தடுப்புப் பொருள்களையும் உண்டாக்குகிறது. லிஸ்டீரியா என்னும் நோய்ப் பாக்டீரியா பச்சைக் கேரட்டின்மேல் பெருக முடியாமல் குறைந்துபோகிறது என்றும், வேகவைத்த கேரட்டில் இந்தத் தடை மறைந்துவிடுகிறது என்றும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயினும் சேமிப்புக் காலம் நீள நீளக் காயின் இந்தத் தற்காப்பு தளர்கிறது என்பதையும், எல்லா நுண்ணுயிரிகளையும் அதனால் தடுக்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நீலகிரியின் கழுவும் இயந்திரங்கள்

தமிழ்நாட்டில் கேரட் என்றாலே நீலகிரி மலைக் கேரட்தான் நினைவுக்கு வரும். அங்கு அறுவடையாகும் கேரட்டில் பெரும்பகுதி, சுழலும் இயந்திரங்களில் கழுவப்பட்டு, மண் நீங்கிப் பளபளப்பாக மூட்டை கட்டப்பட்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்கும் அங்கிருந்து சமவெளி நகரங்களுக்கும் போகிறது. மண்ணுடன் இருக்கும் கேரட்டைவிடப் பளபளக்கும் கேரட்டுக்கே நல்ல விலை கிடைப்பதால் விவசாயிக்கும் வியாபாரிக்கும் வேறு வழியில்லை.

நுண்ணுயிரியியல் நோக்கில் இந்தக் கழுவுதலுக்கு இரு முகங்கள் உண்டு. மண்ணோடு சேர்ந்து கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அகலுகின்றன என்பது நன்மை. ஆனால் இயந்திரத்துக்குள் காய்கள் ஒன்றோடொன்று உராய்ந்து மேல்தோல் தேய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்கள் உண்டாகின்றன. அழுகிய ஒரு காயிலிருந்து நீருக்குள் வந்த பாக்டீரியா, அந்நீரில் புரளும் எல்லாக் காய்களின் கீறல்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஒரே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் தீமை பெருகுகிறது. இதைத் தவிர்க்கவே, உலகின் பல நாடுகளில் காய்கறி கழுவும் கூடங்களில் லிட்டருக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை குளோரின் சேர்க்கிறார்கள். குளோரின் காயைக் கிருமியற்றதாக்கிவிடுவதில்லை. பொதுவாகக் கழுவுதல் மேற்பரப்பு நுண்ணுயிரிகளில் 90 முதல் 99 விழுக்காட்டை மட்டுமே அகற்றுகிறது. பத்து லட்சத்தில் 99 விழுக்காடு போனாலும் பத்தாயிரம் மீதி இருக்கும். ஒரு காயின் கிருமியை இன்னொரு காய்க்கு எடுத்துச்செல்லும் வாகனமாக நீர் மாறாமல் தடுப்பதே குளோரினின் உண்மையான பணி. கழுவிய காயை நீர் வடியவிடாமல் ஈரத்தோடு சாக்கில் அடைத்து, மலையின் குளிரிலிருந்து சமவெளியின் வெயிலுக்கு இறக்கினால், காயம், ஈரம், வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே மூட்டைக்குள் கூடிவிடுகின்றன.

குளிர் நாடுகளில் நெடுங்காலச் சேமிப்புக்கான கேரட்டைக் கழுவாமல் மண்ணோடு சேமித்து, விற்பனைக்கு அனுப்பும் முன்புதான் கழுவுவது வழக்கம். இலை நீக்கிய முதிர்ந்த கேரட் 0 டிகிரி செல்சியஸிலும், 98 விழுக்காட்டுக்கு மேற்பட்ட காற்று ஈரப்பதத்திலும் 7 முதல் 9 மாதம் வரை தாங்கும். காற்றில் ஈரப்பதம் வேண்டும், காயின்மேல் நீர்த்துளி நிற்கக் கூடாது என்பதே இங்குள்ள நுட்பம்.

குளிர் தடுப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறது

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் நுண்ணுயிரிகளின் வேலை நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் காயின் சுவாசம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைகிறது; பெரும்பாலான பாக்டீரியாக்களின் வளர்ச்சியும் வெகுவாகத் தளர்கிறது. ஆனால் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் போன்றவை 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டேயிருக்கும். அவற்றுள் சில வகைகள் பெக்டினையும் சிதைக்கும். எனவே ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் கீரை வழவழப்பாக மாறுவதற்குக் குளிரைத் தாங்கும் இந்தக் கூட்டமே பெரும்பாலும் காரணமாகிறது. குளிர் எல்லா நுண்ணுயிரிகளையும் ஒன்றுபோல் நிறுத்துவதில்லை. குளிர் தாங்காதவற்றை ஒதுக்கி, தாங்குபவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது.

குளிர் தாங்குபவற்றுள் நோய் தருவனவும் உண்டு என்பதை இரு நிகழ்வுகள் உலகுக்கு உணர்த்தின. 1981-இல் கனடாவின் கடலோர மாகாணங்களில் 41 பேர் லிஸ்டீரியா நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 34 நேர்வுகள் கருவுற்ற பெண்களையும் பிறந்த சிசுக்களையும் சார்ந்தவை. லிஸ்டீரியா நோய் தாக்கியிருந்த செம்மறிகளின் எருவை இட்டு விளைவித்து, குளிர்காலம் முழுவதும் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்த முட்டைகோஸிலிருந்து செய்த சாலட்டே காரணம் என்று கண்டறியப்பட்டது. லிஸ்டீரியா உணவு வழியே பரவக்கூடியது என்பதை ஐயமின்றி நிறுவிய நிகழ்வு இது.

இரண்டாவது, கேரட்டையே சார்ந்தது. பின்லாந்தில் 2003, 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் பள்ளிகளிலும் குழந்தைக் காப்பகங்களிலும் யெர்சினியா என்னும் பாக்டீரியாவால் நோய் பரவியது. காய்ச்சலோடு, குடல்வால் அழற்சியோ என்று மயங்கும்படியான கடும் வயிற்றுவலி அதன் அறிகுறி. 2006-இல் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். விசாரித்தபோது, முந்தைய ஆண்டு அறுவடையாகிக் குளிர்காலம் முழுவதும் கிடங்கில் இருந்த கேரட்டைத் துருவிப் பச்சையாகப் பரிமாறியது தெரியவந்தது. 2004 நிகழ்வில், கிடங்கில் கெட்டுப்போன கேரட்டிலும் அங்கு பிடிபட்ட மூஞ்சூறிலும் அதே பாக்டீரியா கிடைத்தது. உறைநிலைக்கு அருகிலும் பெருகவல்ல யெர்சினியாவுக்கு, மாதக்கணக்கான குளிர்ச் சேமிப்பு பிற போட்டியாளர்கள் அடங்கிய களமாக அமைந்துவிட்டது. அழுகியவற்றை உடனுக்குடன் அகற்றுவதும், கிடங்குக்குள் சிறு விலங்குகள் நுழையாமல் தடுப்பதும், பச்சையாக உண்ணும் முன் கழுவித் தோல் சீவுவதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

துருவிய கேரட்டும் இட்லி மாவும்

கத்தி பட்ட கணத்திலிருந்து காய்கறியின் நிலை முற்றிலும் மாறிவிடுகிறது. துருவிய கேரட்டில் தோல் என்னும் காவல் இல்லை. உடைந்த செல்களின் சர்க்கரைச் சாறு எங்கும் பரவியிருக்கிறது. காயின் சுவாசமும் காயத்தால் விரைவுபடுகிறது. துருவிய கேரட்டைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்பது பிரான்சில் பரவியபோது, அது கெடும் விதத்தை அங்குள்ள ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தனர். காற்று எளிதில் ஊடுருவாத பைக்குள் கேரட் சுவாசித்துச் சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. கரியமில வாயு பெருகுகிறது. திசுக்கள் தளர்ந்து சாறு கசிகிறது. அப்போது லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்டஸ் என்னும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் அதனோடு ஈஸ்ட்டுகளும் முன்னுக்கு வருகின்றன. கேரட் புளிக்கிறது, கொழகொழக்கிறது, சாராய நெடி வீசுகிறது, பை உப்பிக்கொள்கிறது.

இந்த லூக்கோனாஸ்டாக் தமிழர்களுக்கு அந்நியமானது அன்று. அரைத்து வைத்த இட்லி மாவை இரவோடு இரவாகப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்யும் பாக்டீரியாக்களுள் முதன்மையானது இதுவே. உளுந்தின்மேலேயே வாழ்ந்து மாவுக்குள் வருவது. முட்டைகோஸை உப்பிலிட்டு ஐரோப்பியர் புளிக்கவைக்கும் சவர்க்ராட்டிலும் முதலில் பெருகுவது இதுதான். மாவில் வரவேற்கப்படும் அதே செயல் சாலட்டில் கெடுதலாகிறது. மாவிலும் சவர்க்ராட்டிலும் உப்பு, காலம், வெப்பம் ஆகியவற்றை மனிதர் தெரிந்தே அமைத்து, பிறகு வேகவைத்தோ முழுமையாகப் புளிக்கவிட்டோ உண்கிறார்கள். மறந்துபோன பைக்குள் எது வளர்கிறது என்பதை எவரும் தீர்மானிப்பதில்லை. ஈஸ்ட்டுகள் பொதுவாக நோய் தருவதில்லை. ஆயினும் சாராய நெடியும் உப்பிய பையும், அந்தக் காய் பயன்படுத்தும் காலத்தைக் கடந்துவிட்டது என்பதற்கான தெளிவான அறிவிப்புகள்.

வீட்டிலும் கடையிலும் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்கு உரிய சில முடிவுகள் தாமாகவே வருகின்றன. கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் இலைகள் காயின் நீரை உறிஞ்சி ஆவியாக்கிவிடும் என்பதால், வாங்கி வந்ததும் அவற்றை நறுக்கிவிட வேண்டும். காய்களைக் கழுவாமல் வைப்பது நல்லது. கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் துணியால் துடைத்து, நன்கு உலரவிட்ட பிறகே உள்ளே வைக்க வேண்டும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையைவிடத் துளையிட்ட பையோ பருத்தித் துணிப் பையோ மேல். காற்றும் நுழையும், உள்ளே வியர்க்கும் நீரும் தேங்காது. ஆப்பிள் போன்ற பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்கச்செய்யும் என்பதால் இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். கூடையில் ஒரு காய் மென்மையானாலும் அதை அன்றே அகற்றி, அதைத் தொட்டுக்கொண்டிருந்த காய்களை முதலில் சமைத்துவிட வேண்டும். நறுக்கிய காய்களை உடனே குளிரில் வைத்து ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிடுவதும், பச்சையாக உண்ணும் முன் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் தோல் சீவுவதும் பாதுகாப்பானவை. சோப்பும் சலவைத் தூளும் காய்கறிக்குத் தேவையில்லை.

எல்லாக் காயையும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவதும் சரியன்று. தக்காளி, கத்தரிக்காய், வெள்ளரி, சர்க்கரைவள்ளி ஆகியவை வெப்ப நிலங்களின் பயிர்கள். ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருந்தால் குளிரால் திசு காயமுற்று, வெளியே எடுத்ததும் அழுகலுக்கு எளிதில் ஆளாகின்றன. மின்சார வசதி குறைந்த இடங்களுக்காக, 1980-களில் புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த குளிர் அறை ஒன்று உண்டு: இரட்டைச் செங்கல் சுவருக்கு இடையே மணலை நிரப்பி நாள்தோறும் நனைத்தால், நீர் ஆவியாகும்போது உட்புறம் குளிர்கிறது, வறண்ட கோடையில் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை வெப்பம் குறைந்து, உள்ளே ஈரப்பதமும் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. காற்றிலேயே ஈரம் மிகுந்த கடலோரங்களில் இதன் பயன் குறைவு. உள்மாவட்டங்களின் சிறு வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் இது இன்றும் ஏற்ற வழி.

நுண்ணுயிரிகளை ஒழித்துவிட்டுக் காய்கறியை வைத்திருக்க எவராலும் முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. தோலைக் காயப்படுத்தாமல் எடுப்பதும், ஈரத்தை மேலே தங்கவிடாமல் உலர்த்துவதும், காய்க்கு ஏற்ற குளிரில் வைப்பதும், வைத்ததை உரிய காலத்தில் உண்பதுமே மனிதர் கையில் உள்ளவை. இவற்றுள் முதல் இரண்டும் சந்தையில் வாங்குவோரின் விருப்பத்தைப் பொறுத்தே மாறும். பளபளப்பைக் கேட்கும் வரை, கேரட் தோல் தேய்ந்து ஈரச் சாக்கில்தான் வந்து சேரும். சிறிது மண் ஒட்டிய, தோல் குலையாத கேரட்டைத் தயங்காமல் வாங்கி, உண்ணும் முன் வீட்டிலேயே கழுவிக்கொள்வது என்று வாங்குவோர் முடிவெடுத்தால், விளைவித்தவரின் உழைப்பும் வாங்கியவரின் பணமும் குப்பைக்குப் போவது குறையும்.